வீட்டில் தைத்த கேமரா மறைப்பு: பறவை ஏன் இன்னும் பறக்கிறது?

சணல் சாக்கு, நாற்றுப்பண்ணைப் பச்சை வலை, தேய்ந்துபோன ஜீன்ஸ், ஏசி மெக்கானிக் வெட்டிப்போட்ட கறுப்பு நுரைக்குழாய். இவ்வளவு இருந்தால் ஒரு பெரிய லென்ஸையும் டிரைபாடையும் மறைத்துவிடலாம். வலை, எலாஸ்டிக், நூல் எல்லாம் சேர்த்தாலும் செலவு சில நூறு ரூபாய்தான். கடையில் விற்கும் நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) உறை லென்ஸுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் கேட்கிறது. ஆனால் தைத்து முடித்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். பறவை முன்போலவே பறக்கும். போதாக்குறைக்கு, நேற்றுவரை ஒழுங்காக ஃபோகஸ் ஆன லென்ஸ் இன்று தடுமாறும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர் ஏரி, கண்மாய், வயல், வறண்ட புதர்க்காடு இவற்றை மனதில் வைத்து, எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். தேடும் வரிசை முக்கியம்: அசைவு, வடிவம், பளபளப்பு, சத்தம், அதன் பிறகுதான் நிறம். பெரும்பாலானோர் நிறத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இலை அச்சிட்ட துணியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். என் கணிப்பில் நிறத்தால் வரும் தொல்லைதான் இருப்பதிலேயே சின்னது.

அறிகுறி: கிட்டே போவதற்குள்ளேயே எல்லாம் கிளம்பிவிடுகிறது

கேமரா உறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் நடந்து வருவதைப் பார்த்துத்தான் பறக்கின்றன. எங்கே நடக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏரிக்கரையின் மேல் நடந்தால், பின்னால் வெறும் வானம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் ஆள் தெரியும். தலையிலிருந்து கால்வரை சாக்கைச் சுற்றிக்கொண்டாலும் இதே கதைதான். கரையின் சரிவில் இறங்கி, முதுகுக்குப் பின்னால் புதரோ மண்சரிவோ இருக்கும்படி உட்காருங்கள். விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டால் நடை என்ற பிரச்சினையே எழாது.

இன்னொன்று, ஆள்காட்டிக் குருவி. சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டால், அந்த வட்டாரத்து உள்ளான், கொக்கு எல்லாம் தலையைத் தூக்கிவிடும். அது அடங்கும்வரை அசையாமல் இருங்கள். அடங்காமல் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து பாய்ந்தால், பக்கத்தில் எங்கோ தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: வந்த வழியே பார்த்துக் காலை வைத்துக் கிளம்புவது. நம் மறைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கூட்டுக்கு அருகே பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அறிகுறி: மறைப்பு போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது

நீங்கள் மறைப்பே தேவைப்படாத இடத்தில் இருக்கலாம். வேடந்தாங்கலில் கரை நடைபாதையிலிருந்து பார்க்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் அரிவாள் மூக்கனுக்கும் மனிதக் கூட்டம் பழகிப்போன காட்சி. அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காப்பதற்கு 1798-லேயே அன்றைய ஆட்சியர் எழுத்துப்பூர்வ உரிமை கொடுத்தார் என்பது தெரிந்த வரலாறு. அத்தனை தலைமுறைப் பழக்கம். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கெல்லாம் சாக்கு மூட்டையாக உருண்டு போனால்தான் வித்தியாசமாகப் பார்க்கும்.

வயல் சாலைகளில் கார்தான் ஆகச் சிறந்த மறைவிடம். இஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஜன்னலில் ஒரு துண்டு பச்சை வலையைத் தொங்கவிட்டு, பழைய ஜீன்ஸ் காலில் அரிசி நிரப்பித் தைத்த பையின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டால் போதும். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்த நொடியில் அவ்வளவும் போச்சு. பறவைகள் வண்டியையும் மாட்டையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் சுமார் 1900-ஆம் ஆண்டு வாக்கில் உள்ளே ஆள் நிற்கும்படி ஒரு பொய்க் காளை செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நின்று படமெடுத்தார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அறிகுறி: உட்கார்ந்து பழகிய பிறகும், கேமராவைத் திருப்பினால் பறக்கிறது

இங்கேதான் உறையைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் தொங்கல்கள். இலைபோல் தெரியட்டும் என்று சாக்கை நீள நீளமாகக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பீர்கள். லென்ஸ் ஒரு அங்குலம் திரும்பினால் அந்தத் தொங்கல்கள் அரை அடிக்கு ஆடும். காற்று அடித்தால் சுற்றிலும் உள்ள கோரை ஒரு பக்கமாகச் சாயும்போது உங்கள் லென்ஸ் மட்டும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். அதன் ஓரத்தை விரலால் நிமிண்டி நாலைந்து இழை பிரியவிட்டால் போதும். வடிவத்தை உடைப்பதற்கு அந்தப் பிசிறே தாராளம்.

அடுத்தது கை. லென்ஸை அழகாக மறைத்துவிட்டு, ஜூம் வளையத்தைத் திருப்பும் வெறுங்கையையும் வியர்வையில் மின்னும் நெற்றியையும் வெளியே விட்டிருப்போம். களத்தில் பளிச்சென்று தெரிவதும் அடிக்கடி அசைவதும் இந்த இரண்டும்தான். ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஒரு வலைத்துண்டை எடுத்து, லென்ஸின் நடுப்பகுதியிலிருந்து உங்கள் தலை, தோள், முழங்கை வரை ஒரே போர்வையாகப் போட்டுக்கொண்டால் கை என்ன செய்தாலும் உள்ளேயே நடக்கும். தனித்தனி உறையாகத் தைப்பதைவிட இந்த ஒரு துண்டு நன்றாக வேலை செய்யும். கையுறை வேண்டுமென்றால் காக்கி நிறப் பழைய காலுறையில் விரல் நுனிகளை வெட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லென்ஸின் முகம். முன்னால் இருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்பு வட்டம், நடுவில் மினுக்கம். இரைகொல்லியின் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை கிடையாது. அதை மூடவும் முடியாது. ஆனால் லென்ஸின் முன்னால் மாட்டும் குழாயான ஹூடின் வெளிவிளிம்பு கச்சிதமான வட்டமாக இருப்பதைக் கலைக்கலாம். விளிம்பைச் சுற்றிச் சாக்குத் துணியைச் சீரில்லாமல் ஒட்டுங்கள், முன்னால் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டிக்கொண்டிராமல். நீட்டினால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

டிரைபாடின் மூன்று நேர்க்கோடுகளும் இதே வகைத் தொல்லை. ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் பிளந்து காலின் மேல்பகுதியில் மாட்டி, மேலே சாக்கைச் சுற்றி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டு இறுக்குங்கள். பெரும்பாலான டிரைபாடில் மேல்கால் மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குள் இருக்கும். நுரையைக் கையில் எடுத்துப்போய்க் கடையிலேயே காலில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பூட்டும் இடத்தை மட்டும் திறந்து விடுங்கள். தோளில் சுமக்கும்போது இந்த நுரை தரும் சுகம் தனி.

அறிகுறி: மறைவிடத்துக்குள்தான் இருக்கிறேன், ஆனாலும் என்னைப் பார்த்துவிடுகிறது

நான்கு குச்சி நட்டு, சுற்றிலும் பச்சை வலை கட்டி, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே வந்து பார்த்தால் வலை மட்டும்தான் தெரிகிறது. சரி. ஆனால் நீங்கள் வெளியே வந்து பார்த்தபோது உள்ளே யாரும் இல்லையே. ஒரு நண்பரை உள்ளே உட்காரவைத்து, சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கும்போது, பறவை இருக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். திரையில் விழும் நிழற்கூத்துப் பொம்மை மாதிரி ஒவ்வொரு அசைவும் தெரியும்.

காரணம் எளிது. வலை வழியாக ஒளி பின்னாலிருந்து வந்தால் வலை மறைந்துவிடும், உருவம் நின்றுவிடும். முன்பக்கம் எத்தனை அடுக்கு போட்டாலும் தீராது. பின்பக்கத்தை ஒளி புகாமல் அடைக்க வேண்டும். ஒரு கறுப்பு அல்லது கரும்பழுப்புப் போர்வையை முதுகுக்குப் பின்னாலும் தலைக்கு மேலும் கட்டுங்கள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றால் மெல்லிய வலைகூட சுவர் ஆகிவிடும். கடையில் 50, 75, 90 என்று சதவிகிதம் சொல்லி விற்பார்கள். நிழல் எவ்வளவு தரும் என்ற கணக்கு அது. முன்பக்கத்துக்கு 75, மற்ற மூன்று பக்கமும் 90 அல்லது துணி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். உள்ளே கறுப்புச் சட்டை போடுங்கள்.

நீங்கள் உள்ளே போவதைப் பறவை பார்த்துவிட்டது என்றால், பழைய உத்தி ஒன்று இருக்கிறது. இரண்டு பேராக உள்ளே போய், ஒருவர் மட்டும் வெளியே வந்து, நன்றாகத் தெரியும்படி நடந்து போய்விட வேண்டும். ஆபத்து நீங்கிவிட்டது என்று பல பறவைகள் ஏமாந்துவிடும். காகத்திடம் பலிக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அறிகுறி: மேகமூட்டத்தில் சரியாக இருக்கிறது, வெயில் வந்தால் கெட்டுவிடுகிறது

பளபளப்பு. சாக்கு மினுங்காது, நைலான், ரெயின்கோட் துணி, புது பச்சை வலை எல்லாம் மினுங்கும். பிளாஸ்டிக் வலையைப் புதிதாக வாங்கினால் சேற்றுத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, உதறிப் பயன்படுத்துங்கள். வேறு பூச்சு தேவையில்லை. ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதானால் மேட் (பளபளக்காதது) என்று போட்டிருப்பதைத்தான் அடிக்க வேண்டும்.

உறைக்கு வெளியே மினுங்குபவற்றின் பட்டியல் இன்னும் நீளம்: டிரைபாடின் உலோகத் திருகுகள், கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, கேமரா நெற்றியில் வெள்ளையாக எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், மஞ்சளோ சிவப்போ எழுத்து நெய்த கழுத்துப்பட்டை. பெயர்களின் மேல் கறுப்புத் துணி டேப் ஒட்டுங்கள், பட்டையைக் கழற்றிப் பையில் போடுங்கள். விடியற்காலையில் பின்திரையின் வெளிச்சம் உங்கள் முகத்தை விளக்குபோல ஏற்றிக் காட்டும்; அதை அணைத்துவிடலாம். ஃபோகஸுக்கு உதவ எரியும் சிறு விளக்கையும் மெனுவில் நிறுத்துங்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. துணி துவைக்கும் பவுடர்கள் பலவற்றில் 'வெண்மை கூட்டும்' பொருள் கலந்திருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். அதனால்தான் சட்டை பளிச்சென்று இருக்கிறது. பறவைகளுக்கு நமக்கு இருப்பதைவிட ஒரு வகை நிற உணர்செல் கூடுதல். சிட்டு இனங்கள் பலவற்றால் புற ஊதாவையே பார்க்க முடியும். மான்களுக்கு நம்மைப்போல் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். ஆக, காக்கிச் சட்டை நமக்கு மட்டும்தான் காக்கி. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டு அறையில் துணி மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் துணியை வெளிப்பக்கம் வைக்காதீர்கள். பருத்தியில் ஏறிய இந்தப் பொருள் லேசில் போகாது. களத்துத் துணிகளைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் துவைக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் புதிதாக ஏறாது. அசைவும் பளபளப்பும் சரியான பிறகு கவனிக்க வேண்டிய விஷயம் இது, இதிலிருந்து தொடங்காதீர்கள்.

அறிகுறி: கிளிக் கேட்டதும் ஓட்டம்

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லா ஷட்டர் இருக்கும். ஆனால் பறக்கும் பறவையின் இறகு அதில் வளைந்து தெரியலாம் என்பதால், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ளே கண்ணாடி எழும்பி இறங்கும் பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் கேமரா உடல் மேல் பனியன் துணி இரண்டு அடுக்கு போர்த்தினால் சத்தம் ஓரளவு மட்டுப்படும்.

ஆனால் முதலில் வெல்க்ரோவைச் சந்தேகியுங்கள். பேட்டரி மாற்ற உறையைத் திறக்கும்போது வரும் அந்தக் கிழியும் சத்தத்துக்கு ஈடாக எந்த ஷட்டரும் கத்தாது. வெல்க்ரோவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தையல் கடையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் பெரிய பட்டனும் எலாஸ்டிக் கண்ணியும் வையுங்கள். இருட்டிலும் விரலால் தடவிப் போட்டுவிடலாம். பாவாடை நாடாவும் நல்லதுதான், முடிச்சு மட்டும் உருவு முடிச்சாக இருக்கட்டும்.

அறிகுறி: ஐப்பசியில் பொருந்தியது, பங்குனியில் பொருந்தவில்லை

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஏரி முழுக்கப் பச்சை. அதற்கேற்பப் பச்சை வலை வாங்கினோம். மாசி, பங்குனியில் கரையெல்லாம் வெளிறிய பழுப்பு, கருவேல மரத்தடியில் சாம்பல் நிறம். அதில் பச்சை வலை விளம்பரப் பலகை மாதிரி நிற்கும். நம் ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் சாக்குதான் சரியான நிறம். ஒன்றே ஒன்று தைப்பதானால் சாக்கில் தையுங்கள்.

சாக்கு மஞ்சளாக அடிக்கிறதா? சாயம் வீட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைச் சாயத்தில் இந்த மங்கலான நிறங்கள் வருவதே இல்லை.

பழைய பிளாஸ்டிக் டப்பாவில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றி, மூடியை இறுக்காமல் ஒரு வாரம் வையுங்கள். பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். இன்னொரு பக்கம், நாட்டு மருந்துக் கடைக் கடுக்காயை உடைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் சாக்குத்துணியை ஓர் இரவு ஊறப்போட்டுப் பிழிந்து காயவையுங்கள். இந்தத் துணியை ஆணித் தண்ணீரில் கொஞ்சம் கலந்த வாளியில் முக்கினால், கண்ணெதிரே சாம்பலாகி, கறுப்பை நோக்கிப் போகும். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து அலசிவிடலாம். கடுக்காய்க்குப் பதில் மாதுளைத் தோலை வேகவைத்தால் முதலில் மங்கலான மஞ்சள் வரும். ஆணித் தண்ணீரில் பட்டதும் பாசி படிந்த பச்சைச் சாம்பலாக மாறும். சம்பங்கோரை காயத் தொடங்கும்போது இருக்கும் நிறம் அது. தேநீர்த் தூளும் வேலை செய்யும், பழுப்பு கொஞ்சம் தூக்கலாக. துவரும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதுதான் இதில் உள்ள வேதியியல். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இரும்பு வழியாக வருவதுதான். இரும்புத் தண்ணீரை அதிகம் ஊற்றாதீர்கள், நாளடைவில் இழை இற்றுப்போகும். சமையல் பாத்திரத்தையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரே சீரான சாயமும் கூடாது. துணியை அங்கங்கே கசக்கி முடிச்சுப் போட்டு முக்கினால் திட்டுத்திட்டாக ஏறும். திட்டு பெரியதாக, உள்ளங்கை அளவு இருக்கட்டும். பொடிப் பொடியான இலை அச்சு பத்தடி தள்ளினால் ஒரே நிறமாகக் கலந்து, லென்ஸின் உருளை வடிவத்தை அப்படியே காட்டும்.

அறிகுறி: உறை போட்ட பிறகு ஃபோகஸ் பிடிக்கவில்லை

லென்ஸ் பழுது என்று சர்வீஸுக்கு ஓடுவதற்கு முன், பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சுகளைப் பாருங்கள். தொலைநோக்கு லென்ஸ்களில் ஃபோகஸ் தூரத்தை வரையறுக்க ஒரு சுவிட்ச் இருக்கும்: முழுத் தூரம் அல்லது சில மீட்டருக்கு அப்பால் மட்டும் என்று. இறுக்கமான உறையை உருட்டி மாட்டும்போது அது நகர்ந்துவிடும். அப்புறம் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் கொக்கு கச்சிதமாக விழும், நாலு மீட்டரில் உட்கார்ந்த மீன்கொத்தி மட்டும் விழவே விழாது. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றும் சுவிட்சும், நடுக்கம் தடுக்கும் சுவிட்சும் இதே வரிசையில்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் உறையில் ஒரு ஜன்னல் வெட்டி, மேலே மடிந்து மூடும் துணி நாக்கு ஒன்று தைத்துவிடுங்கள். வெட்ட மனமில்லை என்றால், சுவிட்சுகளைச் சரியான நிலையில் வைத்து அவற்றின் மேல் காகித டேப் ஒட்டிவிட்டு உறையை மாட்டுங்கள்.

சுவிட்ச் சரியாக இருந்தும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி நிற்கிறதென்றால், முன்னால் ஏதோ தொங்குகிறது. போர்வை வலையின் ஓரம் சரிந்து ஹூடின் முன் வந்திருக்கும். 600 மில்லிமீட்டர் வரை ஜூம் செய்திருக்கும்போது அந்த ஓரம் திரையில் உருவமாகத் தெரியாது, அதுதான் சிக்கல். படம் முழுக்க லேசாக வெளுத்து, பால் கலந்தாற்போல் இருக்கும். பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகளுக்குள் மட்டும் வலைக்கோடு விழும். அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடும். வலையை ஹூடின் பின்விளிம்போடு சைக்கிள் டியூப் வளையம் போட்டுக் கட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஜூம் திருப்ப முடியவில்லை, அல்லது திருப்பினால் உறை உருளுகிறது

ஒரே குழாயாகத் தைத்திருப்பீர்கள். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸுக்கு உறை மூன்று துண்டாக வேண்டும்: ஹூடுக்கு ஒன்று, ஜூம் வளையத்துக்கு ஒன்று, டிரைபாடில் பொருத்தும் வளையமான காலருக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு ஒன்று. வளையத்துக்குப் போடும் துண்டு வளையத்தைவிட ஒரு சுற்றுகூட அகலமாக இருக்கக் கூடாது.

அளவுக்கு ஓர் உதாரணம். 95 மில்லிமீட்டர் ஃபில்டர் போடும் 200-500, 150-600 வகை லென்ஸ்களின் உடல் குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர். சுற்றளவு 34 சென்டிமீட்டர் சொச்சம். நீளாத சாக்குத்துணி என்றால் 36 வெட்டித் தைக்க வேண்டும். இழுபடும் பனியன் துணியோ பழைய லெக்கிங்ஸோ என்றால் 31 போதும், தானாகப் பிடித்துக்கொள்ளும். வெட்டுவதற்கு முன் செய்தித்தாளைச் சுற்றி ஒட்டி, ஒருமுறை முழுக்க ஜூம் செய்து பாருங்கள். காகிதம் கிழிந்த இடத்தில் துணி சிக்கும்.

சாக்கை மட்டும் நேரடியாக லென்ஸ் மேல் போடாதீர்கள். நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும். சணல் தூசியும் இழையும் கூடவே போகும். உள்பக்கம் ஒரு பனியன் துணி அஸ்தர் (லைனிங்) கொடுத்தே ஆக வேண்டும். எந்த மூட்டையின் சாக்கு என்பதையும் கவனியுங்கள். மிளகாய் வந்த சாக்கை எத்தனை முறை அலசினாலும், மறைவிடத்துக்குள் அடக்கிய தும்மல் வெடித்தே தீரும்.

இப்படி ஒட்டுப்போட்ட சாமானோடு போக வெட்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு: காட்டுயிர்ப் படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன், வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கருவியைத் தூக்கிக்கொண்டுதான் முதுமலையில் யானைகளைப் படமெடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார்.

அறிகுறி: படங்கள் கூர்மையாக இல்லை

மூன்றில் ஒன்று. லென்ஸின் காலுக்கும் டிரைபாட் தலைக்கும் நடுவே துணி மடிப்போ நுரையோ சிக்கியிருக்கலாம். அங்கே உலோகத்தின் மேல் உலோகம் உட்கார வேண்டும். இல்லையென்றால், பெரிய போர்வை வலை காற்றை வாங்கி லென்ஸை இழுக்கிறது. பத்து மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளை ஒட்டி, உறையோடு சில படம், உறையில்லாமல் சில படம், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்து எழுத்துகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது கானல். காலை ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்திலோ காய்ந்த ஏரித் தரையிலோ எடுத்தால் உறையைக் கழற்றினாலும் தீராது. ஆனால் உறை அதைக் கூட்டலாம்: கறுப்புத் துணி சுற்றிய ஹூட் வெயிலில் சூடேறி, அதற்குள் இருக்கும் காற்றே நெளியும்.

அறிகுறி: லென்ஸ் தொட்டால் சுடுகிறது, கேமரா தானாக நிற்கிறது

பெரிய லென்ஸ்கள் பலவற்றுக்கு வெள்ளை பூசுவதே வெயிலில் சூடேறாமல் இருக்கத்தான். நாம் அதன் மேல் கரும்பச்சைத் துணியைச் சுற்றி இறுக்குகிறோம். சித்திரை வெயிலில் இது நியாயமில்லை. வெளிறிய சாக்கைத் தளர்வாக, லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே காற்று புகும்படி போடுங்கள். அப்போது அது நிழல் தரும் பந்தல் ஆகிவிடும். கேமரா உடலை நுரையால் மூடவே வேண்டாம். மிரர்லெஸ்ஸில் 4கே வீடியோ எடுக்கும்போது உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழி வேண்டும்.

மழைக்காலத்தில் தொல்லை தலைகீழ். நனைந்த சாக்கும் பருத்தியும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், லென்ஸுக்குள் பூஞ்சை படரும். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றிக் கொடியில் போடுங்கள். உறையோடு லென்ஸைப் பைக்குள் வைப்பது கூடவே கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கி மீண்டும் நீலமாக்கலாம்.

அறிகுறி: டேப் ஒட்டிய இடமெல்லாம் பிசுபிசு

எலெக்ட்ரிகல் டேப்பை வெயிலில் விட்டால் பசை இளகி லென்ஸின் ரப்பரில் ஊறிவிடும். தின்னரோ நகப்பூச்சு அழிப்பானோ போட்டால் பிளாஸ்டிக்கே கரையும், தொடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும், கண்ணாடிப் பக்கம் போகாமல். இனிமேல், முதலில் ஒரு சுற்று காகித டேப், அதன் மேல் துணி டேப்.

அறிகுறி: பறவை கவலைப்படவில்லை, ஊர்க்காரர்கள் கவலைப்படுகிறார்கள்

இது அடிக்கடி நடப்பதுதான். ராணுவப் பாணித் துணியை வாங்கித் தைத்திருந்தால் அதுவே முதல் காரணம். படைவீரர் என்று பிறர் நம்பும்படி உடுத்துவது குற்றம்; பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும், கண்மாய்க்குள் பதுங்கிக் கிடக்கும் ஆளிடம் யாரும் முதலில் நோக்கத்தைக் கேட்பதில்லை. சாக்கும் மாதுளைத் தோல் சாயமும் இந்தத் தொல்லையைத் தராது. சரணாலயம் என்றால் உள்ளே போவதும் படமெடுப்பதும் வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டவை; குச்சி நடுவது, கிளை வெட்டுவது எதையும் அங்கே செய்யாதீர்கள்.

ஊர்க் கண்மாய் என்றால், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் யார் என்று முந்தின நாளே டீக்கடையில் விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்த மூலையில் கூழைக்கடா இறங்குகிறது, எந்த வரப்பில் பாம்பு அதிகம் என்பதையும் அவரே சொல்வார். மறைவிடத்தை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வந்தால், காலையில் உட்காரும் முன் சாக்கை ஒரு குச்சியால் தட்டி உதறிவிடுங்கள்; தேளுக்கும் அந்த இடம் பிடிக்கும்.